ஜூலை இதழ்

நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது
நான் கணக்கு டீச்சர் என்பதால்.
எண்ணத் தெரிந்தவங்க எண்ணட்டும் என்றார் எச்.எம்.

காவேரிப்பட்டணம், பெண்கள் பள்ளி,
மூன்றாவது பீரோ, அடித்தட்டு.
கழிவுப் பட்டியலுக்காகக் குனிந்தபோது
கரையான் மண்ணோடு கைக்கு வந்தது ஒரு கட்டு.
ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு
மாதாமாதம் அச்சான வாசிப்பு இதழ்.
விலை ஒரு பென்னி. ஆண்டு இருபத்தேழு, போன நூற்றாண்டு.
சேலம் ஜில்லா போர்டு முத்திரை
ஊதா மையில், தலைகீழாக.
யார் கேட்டார், யார் அனுப்பினார்,
பதிவேட்டில் இல்லை.

ஜூலை இதழில் உறைபனி.
கணப்பருகே பூனை தூங்கும் ஒரு பாட்டு,
கம்பளி பற்றி ஒன்றரைப் பக்கம்,
முடிந்துபோன போரில் எவனோ காட்டிய வீரம்,
அப்புறம் அந்தத் தொடர்கதை.
வெளியே எங்கள் ஜூலை:
கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரிகள்
பாலக்கோடு ரோடு முழுக்க.
வகுப்புக்குள் ஈ.

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
தமிழய்யா வராத பீரியடில்
எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்.
ஆடு ஓட்டிப் போன அப்பன் திரும்பவில்லை.
மகன் தேடிப் போகிறான்.
மூன்றாம் நாள் தண்ணீர்ப் புட்டி காலி.
பெரிய மரமொன்றின் அடியில்
தரையோடு காதை வைக்கிறான்.
தொடரும்.

ஆகஸ்ட்டைக் கரையான் தின்றிருந்தது.
செப்டம்பரையும்.

என்ன மரம் மிஸ்?
படத்தைக் காட்டினேன்.
தைலமரம்! முப்பத்தொரு வாய்.
நம்ம மரமாச்சே, அங்க எப்படிப் போச்சு?
வந்த திசையைச் சொன்னேன்.
நாகவேணி ஒத்துக்கொள்ளவில்லை.
அவள் மாமா நட்டது,
வெட்டி விற்றுத்தான் அக்கா கல்யாணம்.

மாதேஸ்வரி எழுந்தாள்.
அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை,
மூன்று மாதமாகப் போன் இல்லை என்பது
வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது.
"கதை தப்பு மிஸ்.
தைலமரம் நின்னா கெணறே வத்திடும்.
காது வெக்க வேற மரம் பாக்கணும் அவன்."

மறுபடி படித்தேன்.
வேருக்கடியில் நீரோடும் சத்தம்
என்றுதான் அச்சாகியிருந்தது.
சொந்த மண்ணில் அது வேறு மரம் போல.
இங்கே பள்ளி போர்வெல்
எண்ணூறு அடி தாண்டிப் புழுதி துப்புகிறது.

முடிவை எழுதி வரச் சொன்னேன்.
பதினாறு பேர் அப்பனைச் சாகடித்தார்கள்.
எட்டுப் பேர் மாரியம்மனை வரவழைத்தார்கள்.
ஒருத்தி ஹெலிகாப்டர்.
ஐந்து பேர் நோட்டை மறந்திருந்தார்கள்.
மாதேஸ்வரியின் தாளில் இவ்வளவுதான்:
மரத்தில் ஏறினான். யாரும் தெரியவில்லை.
அப்பா இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடட்டும் என்று
பாதி ரொட்டியைக் கிளையில் கட்டிவிட்டு
பஸ் ஏறினான்.

அங்கே பஸ் இருக்குமா, என்றேன்.
மரமே போயிருக்குது,
பஸ் போகாதா மிஸ்?

கழிவுப் பட்டியலை அன்று மாலை முடித்தேன்.
பழைய இதழ்கள், எட்டு.
கையெழுத்து, தேதி.
எண்ணத் தெரிந்தவள்தான் நான்.
கட்டில் ஒன்பது இருந்தது.