ஆறாவது கட்டம்

சேர்க்கைச் சீட்டில் ஆறாவது கட்டம் மதம்.
அதுவரை சிக்கலில்லை:
ஹெல்வி, நாற்பத்தொன்று, எஸ்டோனியா,
மல்லசந்திரத்துப் பாறையில் கல்திட்டை பார்க்க ஏறி
வழுக்கி, இடது கணுக்கால்.

"மாவுஸ்க்" என்றாள்.

கிருஷ்ணகிரியில், ஜூன் கடைசியில்,
கூழ் ஆலை வாசனை சன்னல் வழியே
வரிசையில் முந்திக்கொண்டு வரும்போது
யார் மா என்றாலும் எனக்கு ஒன்றுதான் கேட்கும்.
பெங்களூராவா செந்தூராவா என்று
வாய்வரை வந்துவிட்டது.

அவள் தரையைக் காட்டினாள். மா.
மொசைக்கா?
இல்லை, அதற்கும் கீழே.
பிறகு நெஞ்சைத் தொட்டாள். உஸ்க்.
மண்ணா, நாடா, காடுகழனியா என்றேன்.
மூன்றுக்கும் அங்கே ஒரே சொல்லாம்,
அவள் செல்போன் தமிழில் சொன்னது,
ரயில் நிலையக் குரலில்.

தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த மருந்தாளுநர்
மாத்திரையை எண்ணுவதை விட்டுவிட்டு வந்தார்:
"எங்க பக்கம் மான்னா நிலம்தாம்மா, நூறு குழி!"
ஒரே நிமிடத்தில் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.
எனக்கு ஒப்பவில்லை.
பேருந்து நிலையத்தில் யாரோ யாரையோ
என் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
திரும்பிப் பார்ப்பேன்.
அவ்வளவுதான் உறவு.

பழைய பேரா என்று கேட்டேன்.
கும்பிடுவது பழசு, பேர் பிற்பாடு என்றாள்.
கப்பலில் சிலுவையோடு வந்தவர்களின் நம்பிக்கைக்கு
சிலுவையை ஒட்டி ஒரு பெயர் வைத்தார்களாம், ரிஸ்தியுஸ்க்.
அதற்கு அப்புறம்தான்
அப்போ நம்முடையது எது என்ற கேள்வி.
கேட்க ஆளில்லாதவரை
மரத்தடியில் நின்றார்கள், வந்தார்கள்.
இது அவள் கணக்கு.
சரிபார்க்க என்னிடம் என்ன இருக்கிறது,
நூல் கட்டிய ஒரு பேனா.

கணினியில் ஆறு பெயர். ஏழாவது, மற்றவை.
அழுத்தினேன்.
எட்டிப் பார்த்து, அது என்ன என்றாள்.
சொன்னேன்.
"மட்ரவை", திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்,
"மட்ரவை. கேட்க அழகாக இருக்கிறது."
பொருளை நான் சொல்லவில்லை.
எலும்பு மருத்துவர் எட்டாம் எண் அறை,
சக்கர நாற்காலிக்கு ஆள் இல்லை,
மருந்தாளுநரே தள்ளிக்கொண்டு போனார்,
குழி, மா, வேலி என்று விளக்கிக்கொண்டே.

காகிதப் பதிவேட்டில் மட்டும்
பென்சிலால் மாவுஸ்க் என்று எழுதினேன்.
தணிக்கைக்கு முன் அழித்துவிடலாம்.

அடுத்தவர் கெம்பையன், கூழ் ஆலை,
கால் கட்டைவிரலில் கிரேட் விழுந்து
துண்டு முழுக்க ரத்தமும் மாஞ்சாறும்.
பெயர், வயது, ஊர்.
மதம்?

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
"எப்பவும் எதப் போடுவீங்களோ
அதையே போட்டுக்கங்க."