கை காட்டுபவர்

லெர்விக் துறைமுகத்தில், வலைக்கடைக்கு மேலே
எனக்கு ஓர் அறை. இரண்டு நாற்காலிகள்.
ஒன்று கொஞ்சம் உயரம்; காலை அறுத்துச் சமமாக்கினேன்.
அறுத்த நான்கு துண்டுகளும் இன்னும் மேசை இழுப்பறையில்.
கடிகாரம் வருபவரின் தலைக்குப் பின்னால்,
எனக்கு மட்டும் தெரியும்படி. அதுதான் வழக்கம்.

மாக்னி மௌவட் செவ்வாய்தோறும் வருவார்,
யெல் தீவிலிருந்து படகேறி, பிறகு பேருந்தில்.
அந்தப் படகிலேயே அவருக்கு வேலை, கார்த்தளத்தில்:
வா, வா, இன்னும் கொஞ்சம், நில்.
முப்பது வருடம் கைகளால் பேசியவர்.
முதல் மூன்று வாரம் அந்தக் கைகள் மேல்
உட்கார்ந்திருந்தார்.

டீசல் விலை பற்றிச் சொன்னார்.
நீர்நாய் ஒன்று சீட்டு வாங்காமல் ஏறியதைச் சொன்னார்.
பிறகு காற்று. பிறகு காற்று திரும்பிய திசை.
அவர் சொன்னதையே நான்
ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் திருப்பிக் கொடுத்தேன்:
"தென்கிழக்குக் காற்று உங்களுக்கு ஆகாது."
"யாருக்குத்தான் ஆகும்" என்றார்.
படித்தபோது இது எளிதாக இருந்தது.

நான்காம் வாரம், கோட்டைக்கூடக் கழற்றாமல்:

"ஜனவரி. ஏழு மணிப் படகு.
முதல் வரிசையில் கிப்பியின் வண்டி. என் தம்பி.
கரை சேர்ந்ததும் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னான்.
இன்ஜின் சத்தம். பின்னால் ரொட்டி லாரிக்கு அவசரம்.
நான் கை காட்டினேன், போ போ என்று.
போய்விட்டான்.
பாறைமுனையில் வண்டி மட்டும் கிடைத்தது.
சாவி உள்ளே. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது."

அறையில் ரேடியேட்டர் தட்டிக்கொண்டிருந்தது.
என் நாவில் வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன,
படகேறக் காத்திருக்கும் கார்கள் மாதிரி, விளக்கெரிய:
உங்கள் தவறில்லை.
உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்.
காலம் ஆற்றும்.
ஒன்றுக்கும் நான் கை காட்டவில்லை.

ஆனால் கண் போயிற்று, கடிகாரத்துக்கு.
ஓட்டுநர்களின் கண்ணைப் படித்தே பிழைத்தவர் அவர்.
"நேரமாகிறதோ" என்றார். பாதி எழுந்துவிட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு புன்னகை போதும்;
என்னிடம் நல்ல புன்னகைகள் உண்டு.

"பார்த்தேன்" என்றேன். "நேரத்துக்காக இல்லை.
போ போ என்று கையை அசைத்துக் காட்டினீர்களே,
அப்போது எனக்குப் பயமாகிவிட்டது.
ஓடுவதற்குக் கண் வாசலைத் தேடியது.
கடிகாரம்தான் அகப்பட்டது."

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
"உனக்குமா?"
கோட்டுப் பொத்தான்களை
மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.
கடைசிப் பொத்தான் ஏற்கெனவே அறுந்திருந்தது.

"அவன் என்ன சொன்னான் என்றுதான்..."
நான் அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை.
"நன்றி என்றிருக்கலாம். பால் வாங்கவா என்றிருக்கலாம்.
தெரியாது."
"தெரியாது" என்றேன் நானும்.
அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.
இடம் போதுமானதாக இருந்தது.

என் மேற்பார்வையாளர் ஓஸ்லா கேட்டாள்,
இவருக்காக இதுவரை என்ன செய்திருக்கிறாய்?
யோசித்துப் பார்த்தேன்.
கடிகாரத்தை ஜன்னலோரம் மாற்றினேன்,
இருவருக்கும் தெரியும்படி.
அவ்வளவுதான் என்றேன்.
அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

இன்று செவ்வாய். பதினொரு மணி.
நாற்காலிக்குப் பதில் தொலைபேசி.
"படகு இல்லை. தென்கிழக்கு" என்றார் மாக்னி.
காற்று அவருடைய பாதிச் சொற்களைக் கொண்டுபோயிற்று.
"துறையில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறேன்.
ஒவ்வொருத்தரையும் கண்ணாடி இறக்கச் சொல்கிறேன்.
சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுகிறேன்.
மீன் லாரிக்காரன் இருபது நிமிடம் பேசினான்,
அவன் மாமியாரைப் பற்றி.
குளிரில் என் காது போய்விட்டது.
இதெல்லாம் உன்னால்தான்."

"எரிச்சலாக இருக்கிறீர்கள்" என்றேன்.
"ஆமாம்" என்றார், திருப்தியாக.

வைத்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.
எதிர் நாற்காலி, ஜன்னல், வெள்ளையாய்ப் புரளும் துறைமுகம்.
பதினொன்று ஐம்பது வரை
இது அவருடைய நேரம்.