ஐந்தாவது பெட்டி

கணக்குப் பார்க்கத்தான் என்னை எடுத்தார்கள்.
பொன்விழா மலருக்கு வரலாறு எழுத ஆளில்லை என்று
அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வாசல் பித்தளைத் தகடு சொல்கிறது:
1974இல், போதகர் எட்வின் சற்குணம் கண்ட
தரிசனத்தால் உண்டானது இந்த இல்லம்.
அந்தத் தரிசனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று
அலுமாரியைக் கிளறினேன்.
கறையான் தின்றது போக ஒரு சீஆர் கொப்பி.
மேலட்டையில் கோயில்பிள்ளை தேவவரத்தின் சாய்ந்த எழுத்து:
'அநாதைப் பிரேத நிதி.'

அந்த வருஷம் நாவலப்பிட்டிக்கு
மலையிலிருந்து மழை மட்டும் இறங்கவில்லை.
பேர் வெட்டுப்பட்டவர்கள்,
அரைப்பேருக்கும் வழியற்றவர்கள்,
படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு
தண்டவாளம் பிடித்து நடந்து வந்தார்கள்.
ஸ்டேஷனில் கொஞ்சம் பேர்.
சந்தைத் தாழ்வாரத்தில் கொஞ்சம் பேர்.
பாண் கியூ கலைந்த பிறகும்
எழும்பாமல் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்.

ஜனவரி 19. ஆண். பெயர் தெரியாது. பெட்டி ரூ. 38.
ஜனவரி 27. பெண். மூக்குக் குத்தியிருக்கிறது. பெட்டி ரூ. 38.
பெப்ரவரி 3. பிள்ளை. தேயிலைப் பெட்டிப் பலகை. ரூ. 11. ஆணி இனாம்.

ஆணி இனாம்.
அந்த இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது.

தேவவரத்தின் மகன் ஜெயசீலன் ஆட்டோ ஓட்டுகிறார்.
அப்போது ஒன்பது வயதாம்.
'லண்டன் என்று அச்சடித்த பக்கத்தை
பாஸ் உள்ளே திருப்பி அடித்தார், மிஸ்.
வெளியே தெரியக் கூடாது என்று.'

பெப்ரவரி 7. ஆண். ரூ. 38.

ஐந்தாவதுக்குச் சொல்லி அனுப்பியபோது
ஹீன்பண்டா பாஸ் வெறும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு
கோயிலுக்கே வந்துவிட்டார்.
செருப்பைக் கழற்றிப் படியிலேயே நின்றார்.
'பாதர்,' என்றார். மெதடிஸ்தப் போதகரும் அவருக்குப் பாதர்தான்.
'முப்பத்தெட்டு ரூபாக்கு எத்தன கொத்து அரிசி?'
போதகருக்குத் தெரியவில்லை.
தேவவரத்துக்குத் தெரிந்திருந்தது: ஆறு, கள்ள விலைக்கு.
'செத்த பொறகு குடுக்கிற காச
சாக முந்திக் குடுங்க.
நான் இனிப் பெட்டி அடிக்க மாட்டேன்.'

போதகர் தரிசனம் காணவில்லை. கோபப்பட்டார்.
அடக்கம் செய்வது கடமை என்றார்.
அரைச் சிங்களத்தில் ஒருவர், அரைத் தமிழில் ஒருவர்,
மழைக்கு மேலே சத்தம் போட்டார்கள்.
நடுவில், முகத்தில் சாக்கோடு,
அந்த ஐந்தாவது மனிதர் எதுவும் சொல்லாமல் கிடந்தார்.

யார் விட்டுக்கொடுத்தார் என்று கொப்பியில் இல்லை.
சாயங்காலம் கிறிஸ்மஸ் விருந்துக் கிடாரம் வெளியே வந்தது.
பலகையின் ஒரு முனையைப் பாஸ் பிடியாகச் செதுக்கினார்.
அதனால்தான் முதல் கஞ்சியைக் கிண்டினார்கள்.
நாற்பத்தொரு பேர் குடித்தார்கள்.
இரண்டு பேருக்கு வாந்தி.
உப்புக் கூட என்று ஒருத்தி ஏசினாள்.

தச்சன் இல்லம் என்று போர்டு வைத்தது அதற்குப் பிறகு.
தூர தேசத்து விருந்தாளிகள் நாசரேத்தை நினைத்துத் தலையாட்டுவார்கள்.
நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

இன்றைக்கு இருநூற்றுப் பத்துச் சோற்றுப் பார்சல்:
நகரசபை லைனுக்கு, பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களுக்கு,
ஆற்றோரத் தகரக் குடிசைகளுக்கு.
அந்தத் துடுப்பு
பின்கதவு அடித்துக்கொள்ளாமல் முண்டுகொடுத்து நிற்கிறது.

கடைசிப் பதிவு இது:
பெப்ரவரி 11. ஆண். அறுபது வயதிருக்கலாம்.
பெட்டி இல்லை. பாய் ரூ. 2.50.
மிகுதி ரூ. 35.50. அரிசிக்கு.

கணக்குக்காரி நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
மலரின் நன்கொடையாளர் பட்டியலில்
பேராயருக்கும் கம்பனிகளுக்கும் மேலே
முதல் வரியாக அடித்தேன்:
பெயர் தெரியாதவர், ரூ. 35.50.

கமிட்டியிலிருந்து கோல் வந்திருக்கிறது.
இது யார், ரசீது எங்கே என்று கேட்கிறார்கள்.