ஆகாயத்துக்கு மாத வாடகை

முன்பெல்லாம் வானம்
நான்கு தகடுகளில் வந்தது.
பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி
பீரோவில், ரேஷன் அட்டைக்குக் கீழே வைத்திருந்தேன்.
கரண்ட் இருந்தால் போதும், பறக்கலாம்.
கீழே தெரிந்த சென்னையில்
ஓர் ஓடுபாதை, ஒரு நீல விளிம்பு.
தண்டையார்பேட்டை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரே மரம் நூறு முறை முளைத்திருந்தது.

இப்போது முழு பூமியும்
எந்த நாட்டுக் கிடங்கிலோ இருக்கிறதாம்.
நான் பறக்கப் பறக்க
முன்னால் விரித்துக்கொண்டே போகிறார்கள்,
பின்னால் சுருட்டிக்கொண்டே வருகிறார்கள்,
பந்தல்காரர்களின் ஜமுக்காளம்போல.
மாதம் பிறந்தால் பணம் கட்டவேண்டும்.
"ஆகாயத்துக்கு வாடகையா?" என்கிறாள் மல்லிகேஸ்வரி.
"கீழ இருக்கறதுக்கே ரெண்டு மாசம் பாக்கி."

நியாயம்தான்.
ஆனாலும் துறைமுகத்தில் இரவெல்லாம்
கன்டெய்னர் எண்களைக் குறித்துவிட்டு
விடிகாலையில் வந்து உட்கார்ந்தால்
எண்ணூரில் மழை பெய்கிறபோது
திரையிலும் எண்ணூரில் மழை பெய்கிறது.

போன வாரம் ஆயிரம் அடிக்கு இறங்கி
கொருக்குப்பேட்டை தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு
எங்கள் தெருவைத் தேடினேன்.
கொடுங்கையூர் குப்பைமேட்டை
மலை என்று நினைத்துவிட்டது கணினி.
அதன்மேல் காடு வளர்த்திருக்கிறது.
புகை இல்லை, பருந்து இல்லை.
மணலி ஆலையின் கோபுரங்களை
அடுக்குமாடி வீடுகளாக்கி
பால்கனியெல்லாம் வைத்திருக்கிறது.
எங்கள் வாசலில் மட்டும்
எள்ளளவு சிவப்பாய் ஏதோ ஒன்று.
உற்றுப் பார்த்தேன்.
இரண்டு ஆடிக்கு முன் திருடுபோன என் ஸ்கூட்டர்.
போலீஸ் கண்டுபிடிக்காததை
செயற்கைக்கோள் பத்திரமாக வைத்திருக்கிறது.
மூன்று முறை சுற்றினேன்.
எடுத்துக்கொண்டு போக வழியில்லை.

அடுத்த வருஷம் நாற்காலியே குலுங்குமாம்,
உயரத்தில் காது அடைக்குமாம்.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
ஷேர் ஆட்டோவில் வீடு திரும்புகிறவனுக்கு
குலுக்கலை விற்கப் பார்க்கிறார்கள்.

எபனேசருக்கு வேறு வருத்தம்.
பதினொரு வருஷமாக அவன்தான் எங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரம்.
புளியந்தோப்பில், மாடிப்படிக்கு அடியில்
ஒரு ஹெட்செட், ஒரு டேபிள் ஃபேன்.
சனிக்கிழமை இரவுகளில்
மதுரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தோஹாவிலிருந்தும் கிளம்பி
நாற்பது விமானங்கள் மீனம்பாக்கத்துக்கு வெளியே
அவன் வாயைப் பார்த்துக் காத்திருக்கும்.
"ஓடுபாதை இரண்டு ஐந்து. எறங்கு மச்சி."

புது அப்டேட்டில் குரல் தானாகவே வருகிறது.
இருமாத குரல்.
உலகத்துக் கோபுரங்கள் அத்தனையிலும்
ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிற குரல்.
அது பிசகுவதில்லை, சாப்பிடப் போவதில்லை,
யார் மகளுக்கு என்ன மார்க் என்று கேட்பதுமில்லை.
நாற்பது பேர் பதினைந்தானோம்.
பிறகு ஆறு.

நேற்று சனிக்கிழமை.
அந்தக் குரலை அணைத்துவிட்டு
பழைய அலைவரிசையில் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் டேபிள் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு,
"தேசப்பா, மூவாயிரம் அடியில நில்லு.
தண்ணி லாரி வந்துகிது.
ரெண்டு கொடம் புடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்."

நூற்றெண்பது பயணிகளோடு
திருவொற்றியூர்க் கடலுக்கு மேல்
இடப்பக்கம் சாய்ந்து வட்டமடித்தேன்.
எரிபொருள் முள் இறங்கிக்கொண்டிருந்தது.
அவன் கழற்றி வைத்த ஹெட்செட் வழியே
தெருச்சண்டை கேட்டது,
பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழுவது கேட்டது.
நிறைய நிறைய அதன் ஓசை மாறி
ஒருமுறை நின்றது.
இன்னொரு முறை நின்றது.

மறுபடி காலிக் குடத்தின் சத்தம்.
மூன்றாவதும் பிடிக்கிறான் போலிருக்கிறது.
பிடிக்கட்டும்.