மாண்ட்ரியலில் ஒரு முழங்கால்

எத்தனை பேர் என்று
போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்.
ஒரு விரலைக் காட்டினால்
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள்,
மீதிப்பேர் கழிவறையிலிருந்து
வந்துவிடுவார்கள் என்பதுபோல.

சனிக்கிழமை சூசையப்பர் கோயில்.
மலைமேல் ஏறி உட்கார்ந்த பச்சைக் கும்மட்டம்.
கீழே ஐந்து பஸ்.
மஞ்சள் தொப்பிகள், நீலத் தொப்பிகள்,
கொடி பிடித்த ஒருவர்,
கொடியைத் தவறவிட்ட ஒரு கூட்டம்.
நடுவில் மரப்படிகள், தொண்ணூற்றொன்பது.
முழங்காலால் ஏறுகிறவர்களுக்கு மட்டும்.

முழங்காலைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.
போன தையில்
திருநெல்வேலி ஜங்ஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில்
இடது பக்கம் ஒரு நார் அறுந்தது.
மூன்றாய் மடிகிற ஊன்றுகோலும்
'படியே ஏறாதீங்க மேடம்' என்ற
டாக்டர் சீட்டும் பையில் இருக்கின்றன.
சீட்டு பழசு. டிக்கெட் புதுசு.

பக்கத்துச் சிமெண்டுப் படியில்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் ஏற,
மரப்படியில் ஒரு பெண்
படிக்கொரு ஜெபம் சொல்லி ஏறினாள்.
முட்டிக்கு அடியில் மடித்த துண்டு.
ஒவ்வொரு படிக்கும் அதை எடுத்து, உதறி,
மேல்படியில் விரித்து.
நாற்பதாவது வரை சமமாக வந்தோம்.
பிறகு அவள் முந்திவிட்டாள்.

உள்ளே மெழுகின் வெக்கையில்
மூக்குக்கண்ணாடி மங்கியது.
தூண்களுக்கு இடையே
அடுக்கடுக்காய்த் தொங்கின ஊன்றுகோல்கள்,
நடந்து போனவர்கள் விட்டுப்போனவை.
கக்கத்துத் தோல் கிழிந்தவை.
குழந்தை உயரத்தில் ஒன்று.
அதன் கீழ் நிற்க விடவில்லை கூட்டம்;
யாருடைய செல்ஃபி குச்சியோ விலாவில் இடித்தது.
என்னுடையதையும் மாட்டிவிட்டால் என்ன என்று
ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.
ஆனால் மறுநாள் மியூசியம். மூன்று மாடி.
சாமியை நம்பலாம்,
லிஃப்டை எப்படி நம்புவது?

ஞாயிறு. எத்தனை பேர்?
ஒன்று.
நனைந்த மழைக்கோட்டையும்
அன்று வலிக்காத திமிரில் கோலையும்
வாசலில் கொடுத்தேன்.
டோக்கன் நூற்றுப் பதினான்கு.

பெயர்பெற்ற ஓவியத்தின் முன்னால் ஒரே திருப்பதி.
நகரு நகரு என்று தள்ள ஆளில்லாததுதான் குறை.
எல்லாக் கைகளும் தலைக்குமேல்.
கும்பிடு இல்லை, போன்.
பதினொரு திரைகளில் படம் தெரிந்தது.
படத்தில் படம் தெரியவில்லை.

யாரும் வராத கடைசி அறையில்
யாரோ பெயரில்லாதவர் வரைந்த மாதா.
மடியிலிருக்கும் குழந்தைக்கு
மாதக் கடைசியில் வங்கி மேனேஜருக்கு வருகிற முகம்.
காவலுக்கு ஒருவர்,
சட்டையில் வில்நேர் என்றிருந்தது.
ஊர் ஹைத்தி. எட்டு மணிநேரம் நிற்கிற வேலை.
பெஞ்சு எங்களுக்கு, அவருக்கு இல்லை.
உடம்பை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினார்,
வலதிலிருந்து இடதுக்கு.
அந்த ஆட்டம் எனக்குத் தெரியும்.

எந்தக் கால் என்று கேட்டேன்.
சிரித்தார். இரண்டும்.

பையில் கோடாலித் தைலம் இருந்தது.
அவர் கேமராவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்,
பேண்ட்டை முட்டிவரை சுருட்டினார்.
நானூறு வருஷமாய் வாசனையே அறியாத மாதா
இதோ தும்மப் போகிறாள் போலிருந்தது.
எட்டிப்பார்த்த ஒரு ஜோடி
மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனது.
புட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
நாள் முழுக்கத் தொடாதே தொடாதே என்கிறவர்
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெளியே மழை விட்டிருந்தது.
மெட்ரோ படியில் பாதி இறங்கிய பிறகுதான்
விரலில் தட்டியது டோக்கன்.
இரண்டு தெரு, ஒரு சிக்னல்,
கோல் இல்லாமல் நடந்து வந்திருக்கிறேன்.
சூசையப்பரே என்று வாயெடுத்தேன்.
சுருக்கென்றது இடது முட்டி.

மூடுவதற்கு இருபது நிமிஷம்.
கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி
திரும்ப ஏற ஆரம்பித்தேன்,
படிக்கொரு கெட்டவார்த்தை சொல்லி.