பதினொரு நாள்

டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் விடுப்பு காலாவதி
என்று மின்னஞ்சல் வந்தது.
பால் பாக்கெட் போல அதற்கும் ஒரு தேதி.

தைப்பே போயேன் என்றாள் தங்கை.
நான் தோ பாயோவில் ரயிலேறி
பொங்கோலில் இறங்கினேன்.

சைக்கிளை மடிக்க மூன்று கொக்கி, இருபது நொடி.
கைப்பிடி சாயும், இருக்கை இறங்கும்,
நடுமுதுகு இரண்டாகும்.
கடைசிப் பெட்டியின் மூலையில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து
அதுக்கு வயிற்று வலியா என்றது ஒரு பிள்ளை.
அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு
என் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

என் வேலை எக்ஸ்ரே அறையில்.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
நாலு மொழியில், நாளுக்கு அறுபது தடவை.
விலா எலும்பாகப் பார்த்து
முகம் மறந்துபோய்க் கேமரா வாங்கினேன்
என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும்.
பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கினேன்.

முதல் நாள் நூற்று நாற்பது படம்.
எல்லாம் எல்லோரும் எடுத்தவை.
கடற்கரைக் கோபுரங்கள் மூன்றையும்
காப்பிக்கடையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக அழித்தேன்.
கோப்பி ஓ ஆறிவிட்டது.

மூன்றாம் நாள் முழுக்க மழை.
பிடோக்கில் ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்
கல்யாணத்துக்கு நாற்காலி அடுக்கியிருந்தார்கள்.
ஒலிபெருக்கி சரிபார்த்தவர்
சாத்து, டுவா, தீகா என்று
மழையை எண்ணிக்கொண்டிருந்தார்.
வேறு யாரும் இல்லை.
இரண்டு மணி நேரம், ஒரே படம்:
காலி நாற்காலிமேல் அவர் கழற்றிவைத்த கைக்கடிகாரம்.

இன்னொரு நாள் காலாங் ஆற்றோரம்
ஓர் உடும்பு பாதையைக் கடந்தது.
ஓடுகிறவர்கள் நின்றார்கள், உணவு கொண்டுபோகிறவர் நின்றார்,
அவர் முதுகில் யாருடைய சாப்பாடோ நின்றது.
உடும்புக்கு அவசரமில்லை.
எனக்கும் இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

எட்டாம் நாள் கேலாங்.
டுரியான் கடைக்குப் பின்னால், சந்தில்,
சாலையோரம் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்
அண்ணா, ஒரு போட்டோ என்றார்.
தங்கும்விடுதியில் கற்ற தமிழ்.
பெயர் ஷஃபியுல், ஊர் பரிசால் பக்கம்.
ஒளிரும் சட்டையைக் கழற்றி
நாலாக மடித்து மதில்மேல் வைத்தார்.
இருக்கையைத் தன் துண்டால் துடைத்தார், என் இருக்கையை.
பெயின்ட் வாளி தெரியக் கூடாது என்றார்.
ஏறி உட்கார்ந்தார்,
வாங்கி வெகுநாளானவர் போல.

குனிந்து பார்த்தேன்.
வாய் தானாகச் சொன்னது: மூச்சைப் பிடிங்க.
பிடித்தார்.
ஒன்று எடுத்தேன். வெளிச்சம் மாறியது, இன்னொன்று.
லாரி போகட்டும் என்று காத்திருந்து மூன்றாவது.
திரையில் பார்த்துக்கொண்டு நிற்கையில்
உப்பிய நெஞ்சோடு,
உதடு அசையாமல்,
விடலாமா அண்ணா என்றார்.

ராத்திரி அவரிடமிருந்து குரல் செய்தி.
மனைவி கேட்கிறாளாம்,
சைக்கிள் ஏன் குட்டியாக இருக்கிறது,
சரியாகச் சோறு போடவில்லையா,
வளர்ந்ததும் ஊருக்குக் கூட்டி வரட்டுமாம்.
பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பு,
அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கோழி.
நாலு தடவை கேட்டேன்.

இன்று பதினொன்று.
செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்
மடிந்து கிடக்கிறது சைக்கிள்.
பின்சக்கரத்தில் ஓரிடத்தில் மஞ்சள் காய்ந்திருக்கிறது.
ஈரக் கோட்டில் ஏற்றியிருக்கிறேன், பாவி.
கேலாங்கிலிருந்து ஆறு வரைக்கும்
நாலடிக்கு ஒரு புள்ளி விழுந்திருக்கும்,
மங்கிக்கொண்டே.
அதை நான் படம் எடுக்கவில்லை.

நாளைக் காலை எட்டுக்கு முதல் ஆள்.
விடுங்க என்று சொல்ல
மறக்கக் கூடாது.