கொக்கி இல்லாத கூரை

செவ்வாய்ப்பேட்டையில் மீட்டர் கணக்கெடுத்தவனை
மார்கழி பிறக்கிற வாரமாய்ப் பார்த்து
ஏற்காட்டுக்குத் தூக்கியடித்தார்கள்.

முதல் வாரம் குறித்த கணக்கெல்லாம்
பிழை என்றே நினைத்தேன்.
இரண்டு மாதத்துக்கு இருபத்தேழு யூனிட்.
பதினெட்டு. முப்பத்தொன்று.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
பிறகு ஒரு வீட்டில் அண்ணாந்தபோதுதான் தெரிந்தது,
கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே இல்லை.
கட்டும்போதே
வேண்டாம் என்று முடிவுசெய்த கூரை.

எங்கள் தெருவில்
கதவு என்பது இரவில் மட்டும் இருக்கிற பொருள்.
மாமியார் சண்டை, பவுன் விலை, பிள்ளையின் மார்க்
எல்லாம் வியர்வையோடு வாசலுக்கு வந்துவிடும்.
இங்கே நாகலூரில்
நாலு மணிக்கே சாத்துகிறார்கள்.
தட்டினால் திறக்கிறார்கள்.
"உள்ள வா."
அவ்வளவுதான்.
நுழைந்ததும் என் முதுகுக்குப் பின்னால்
மறுபடி சாத்துகிறார்கள்.

திமிர் பிடித்த ஊர் என்று
மனைவியிடம் போனில் சொன்னேன்.
சொல்லும்போது வாயிலிருந்து புகை வந்தது.
போனை வைத்த பிறகு யோசித்தேன்,
இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும்
கொஞ்சம் சூடு செலவாகிறது.
யூனிட் கணக்கில் பார்த்தால்
சிக்கனம்தான்.

எஸ்டேட் ரைட்டர் ஜெபமணி சிரித்தார்.
"பத்து டிகிரிக்கே இவ்வளவு தத்துவமா?
பனிக்கட்டி தேசத்துக்காரன்
இங்கே பனியனோடு திரிவான்யா."
இருக்கலாம்.
அவன் குளிர் அவனை என்ன செய்ததோ
எனக்குத் தெரியாது.
கம்பளி ஒன்று, கதவு ஒன்று,
காயவேண்டிய காப்பி மூன்று மூட்டை
வைத்திருப்பவனுக்கு
பத்து டிகிரி போதும்.

குப்பாண்டியும் தீர்த்தமலையும்
பேசிப் பதினோரு வருஷம்.
இரண்டு சில்வர் ஓக் மரம்
யார் பக்கம் என்று சேலம் கோர்ட்டில் வழக்கு.
தை முதல் வாரம்
குப்பாண்டி வீட்டு மீட்டர் முன்னால் நிற்கிறேன்.
ஆள் யாரும் இல்லை.
களத்தில் காப்பிப் பழம், பாதி காய்ந்தது.
சேர்வராயன் கோயில் பக்கமிருந்து
மஞ்சு இறங்குகிறது.
பக்கத்துக் களத்தில் தன்னுடையதை மூடிவிட்டு
தீர்த்தமலை கல்வேலியைத் தாண்டி வந்தான்.
குப்பாண்டியின் தார்ப்பாயை உதறினான்.
ஒரு மூலையை என் கையில் திணித்து, "புடி."
இழுத்தோம். கல் வைத்தோம்.
நான் வைத்த கல்லை மட்டும் திரும்ப எடுத்து
ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தான்.
போய்விட்டான்.

சண்டை தீர்ந்தது என்று
சாயங்காலம் குப்பாண்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.
கல்லைப் பார்த்தான்.
"அவன் அப்படித்தான் வெப்பான்" என்றான்.
வெள்ளையம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்,
"போன வருசம் நாங்க மூடினோம்."
வழக்கு வழக்காகவே இருந்தது.

வாய்தா நாளில் இருவரும் ஒரே பஸ்.
ஒரே சீட், வேறு காலி இல்லை.
பின் சீட்டில் நான்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பன்னிரண்டாவதில் குப்பாண்டி மப்ளரை அவிழ்த்தான்.
ஐந்தாவதில் தீர்த்தமலை ஸ்வெட்டரைக் கழற்றினான்.
அடிவாரத்தில் இருவருக்கும் வியர்த்தது.
கோரிமேடு தாண்டவில்லை,
"மரந்திருடி" என்றான் ஒருவன்.
அஸ்தம்பட்டி வருவதற்குள்
பதினோரு வருஷத்து வசவும்
பஸ் முழுக்கக் கேட்டாயிற்று.
இறக்கிவிட்டுவிடுவேன் என்றார் கண்டக்டர்.
எனக்கென்னவோ
வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆறரை பஸ்ஸில் திரும்ப ஏறினார்கள்,
தொண்டை கட்டி.
அடுத்த மாதம் பதினேழாம் தேதிக்கு ஒத்திவைப்பு.
ஏழாவது வளைவில் முணுமுணுப்பும் நின்றது.
பதினான்காவதில்
ஜன்னல் வழியாக மஞ்சு ஏறி
டிக்கெட் இல்லாமல் எங்கள் மடியில் உட்கார்ந்தது.
தீர்த்தமலை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
குப்பாண்டி
அவனைத் தாண்டிக் கையை நீட்டி
ஷட்டரை இறக்கினான்,
சத்தம் வராமல்,
கடைசி விரற்கடையை
உள்ளங்கையால் தாங்கி.